படுத்தால் கேட்கும்

மதினி,

இன்று காலை கீழ் லயத்துச் செல்லம்மாக்கா ஒரு பஞ்சுச் சுருளோடு வந்து வாசலில் நின்றார். நீலத் தாளில் சுற்றி மருந்துக் கடையில் விற்கும் அதே பஞ்சு. "புள்ள பெத்தவ காத இப்புடியா தொறந்து போட்டு வச்சிருப்பீங்க? பனி எறங்குது பாருங்க. காத்து பூந்துட்டா பொறகு அவதான கஷ்டப்படணும்" என்று சொல்லிக்கொண்டே உங்கள் மகள் தர்ஷினியின் பாயில் உட்கார்ந்து பஞ்சைப் பிய்க்கத் தொடங்கிவிட்டார். சாம்பிராணிப் புகை, பூண்டு வதக்கிய வாசம், அதோடு அந்தப் புதுப் பஞ்சின் வாசம். அதே காம்பரா, அதே சுவர் மூலை, அதே மாதிரி துணியில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். நீங்கள் மட்டும் இல்லை.

ஆமாம், தர்ஷினிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. ஆணா பெண்ணா என்று இப்போது சொல்ல மாட்டேன். அந்தச் சேதியை உங்களுக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

"பஞ்சு வேணாங்கக்கா" என்றேன். செல்லம்மாக்காவுக்கு முகம் சிறுத்துவிட்டது. "மொறைன்னு ஒன்னு இருக்குல்ல?" என்றார். "இருக்குங்க. இந்த வீட்டுல அந்த மொறைய விட்டுட்டோம்" என்றேன். அவர் பஞ்சை மடியில் கட்டிக்கொண்டு முணுமுணுத்தபடி போனதும் தர்ஷினி சிரித்தாள். "அம்மா கதைதான அத்தை?" என்றாள். அவளுக்கு அது ஒரு வேடிக்கைக் கதை. அம்மாவுக்கு ஒரு காலத்தில் படுத்தால் காது கேட்கும், எழுந்தால் கேட்காது என்பது வரைக்கும்தான் தெரியும். அது வேடிக்கையாக இல்லாத நாட்களை நாம் அவளிடம் சொன்னதே இல்லை. இப்போது மத்தியானம், தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அதனால் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பக்கத்திலிருந்து நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது உங்கள் காதைப் பார்த்துத்தான் எல்லாரும் பயந்தோம். பாம்புச் செவி. கொழுந்தெடுக்கும் மலையில் நாலு நிரை தள்ளி நின்று கங்காணி வாய்க்குள் எதையாவது முணுமுணுத்தால் இங்கிருந்து பதில் கொடுப்பீர்கள். பக்கத்துக் காம்பராவில் புருஷன் பெண்டாட்டி கிசுகிசுத்தால்கூட, "அவங்க நாளைக்குப் பண்டாரவளைக்குப் போறாங்களாம்" என்று அரிசி களைந்தபடி சொல்வீர்கள். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் இப்படி ஒரு மருமகள் வந்தால் மாமியார் என்ன செய்வாள்? அம்மா உங்களைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமென்றால் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போய்த்தான் சொல்லுவார்.

அப்பேர்ப்பட்ட காதுக்கு வந்த கதையைப் பாருங்கள்.

பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்ததால் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். முதுகில் ஓர் ஊசி போட்டார்கள் என்றும், இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போய், பிள்ளையை வெளியே தூக்கும்போது நீங்கள் முழித்துக்கொண்டே இருந்தீர்கள் என்றும் வந்து சொன்னீர்கள். "அழுத சத்தம் கேட்டுச்சு புள்ள. அவ்ளோ தெளிவா கேட்டுச்சு" என்றீர்கள். நான் அப்போது பதுளையில் பாய் ஒருவரின் துணிக்கடையில் வேலை. உங்களுக்காக லீவு போட்டு வந்திருந்தேன். அந்த வாசகத்தை நீங்கள் பிறகு எத்தனையோ தடவை சொன்னபோதுதான் அதன் அருமை எனக்குப் புரிந்தது.

ஆட்டோவில் வந்து இறங்கியதுமே அம்மா உங்கள் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, மேலே சீலைத் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டார். பிள்ளை பெற்றவளின் உடம்பு திறந்த வீடு, காற்று புகுந்தால் ஆயுசுக்கும் தலைவலி என்பது நம் பக்கத்துச் சட்டம். அதோடு நின்றதா? பச்சைத் தண்ணீர் ஆகாது. வயிறு பெருத்துவிடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று வெந்நீரைத் தொண்டை நனைகிற அளவுக்குத்தான் கொடுப்பார். தேத்தண்ணி கூடாது, பால் வற்றிவிடும். பகலில் படுக்கக் கூடாது, உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் விடிந்தது முதல் பொழுது சாய்கிற வரைக்கும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருக்க வேண்டும். எல்லாம் அன்பினால்தான் செய்தார், அதில் சந்தேகமில்லை. தன்னை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொண்டாரோ அப்படியே உங்களைப் பார்த்துக்கொண்டார்.

உங்களுக்குத் தலைவலி வந்தது. பிடரியில் தொடங்கி நெற்றிவரை இழுக்கிறது என்றீர்கள். "அதான் சொன்னேன், ஆஸ்பத்திரி ஜன்னலு வழியா காத்து பூந்துருச்சு" என்று அம்மா இன்னும் ஒரு சுற்றுப் பஞ்சை வைத்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரையை விழுங்கினீர்கள். கடப்பாறையை விழுங்கிவிட்டுச் சுக்குக் கஷாயம் குடித்த கதைதான். நாங்கள் எதைக் கேட்டாலும் "என்னா?" என்பீர்கள். இரண்டாம் தடவை சொன்னாலும் "என்னா?" காது நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டிருப்பவளுக்கு எப்படிக் கேட்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். அண்ணனின் கட்டைக் குரல்தான் முதலில் போனது. "அதுல ஒன்னும் நட்டமில்ல" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

தண்ணீர் ஊற்றித் தீட்டுக் கழிக்கிற நாள் வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வந்திருந்தார்கள். அம்மா உங்கள் தலைக்கட்டை அவிழ்த்து, பஞ்சை உருவி அடுப்பில் போட்டார். தலைக்கு ஊற்றி, சாம்பிராணி காட்டி, உட்கார வைத்தோம். பாயில் கிடந்த பிள்ளை உங்கள் முதுகுக்குப் பின்னால் வீறிட்டு அழுதது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் திரும்பவில்லை. ஈரத் தலையைக் கோதிக்கொண்டு எதிரே இருந்தவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "ஏ புள்ள, ஒன் மக தொண்ட கிழியக் கத்துறா, செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி குந்திருக்கியே?" என்று யாரோ சொல்ல, அங்கே ஒரு சிரிப்பு. நீங்கள் எங்கள் முகங்களைப் பார்த்துத் திரும்பி, பிள்ளையின் திறந்த வாயைப் பார்த்தீர்கள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை, மதினி.

அன்று மத்தியானம் வந்தவர்கள் போனபிறகு என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினீர்கள். "நா சொன்னா நம்புவியா? படுத்தா கேக்குது. எந்திரிச்சு உக்காந்தா கொஞ்ச நேரத்துல அடச்சுப்போவுது. மழையில தகரத்துக்குள்ள தலைய விட்ட மாதிரி ஒரே எரைச்சல். தலவலியும் அப்புடித்தான். படுத்தா போயிருது."

நம்பினேனா என்றால், பாதி நம்பினேன். நாத்தனார் அல்லவா, சோதித்துப் பார்க்காமல் விடுவேனா? உங்களைப் படுக்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் பொறுத்து, திரும்பி நின்று மெதுவாகச் சொன்னேன்: "எங்க மதினி வைக்கிற ரசத்துக்குக் கழனித் தண்ணியே தேவல." உள்ளேயிருந்து உடனே வந்தது பதில்: "ஏன்டி, இத்தன நாளா அதத்தான மூணு தடவ வாங்கிக் குடிச்ச?" சிரித்துவிட்டேன். பிறகு எழுந்து உட்காரச் சொன்னேன். பிள்ளைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தீர்கள். அதே இடத்தில் நின்று அதே வார்த்தையைச் சொன்னேன். கொஞ்சம் உரக்கச் சொன்னேன். இன்னும் உரக்கச் சொன்னேன். நீங்கள் துணி மடித்துக்கொண்டே இருந்தீர்கள்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "படுத்தா கேக்குமாம், எந்திரிச்சா கேக்காதாமா? நல்ல வியாதிடி! நாளைக்குக் காலையில வேல பிரிக்கிற பெரட்டுல போயி இதச் சொல்லு, தோட்டமே படுத்துக்கும்" என்றார் அம்மா. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது காதுக்கும் பொருந்தும்போல. அதற்குள் சேதி லயம் முழுக்கப் பரவிவிட்டது. வேலைக்குப் போகப் பயந்து நடிக்கிறாள் என்றார்கள் சிலர். ஏதோ அண்டியிருக்கிறது என்று பூசாரியைக் கூட்டி வந்து மந்திரித்துக் கயிறு கட்டினார்கள் சிலர். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஊர் பேசுவதெல்லாம் உங்களுக்குக் கேட்கவில்லை என்பது மட்டும்தான் அந்த நாட்களில் ஒரு நிம்மதி. நீங்கள் பயந்தது வேறு ஒன்றுக்கு. "எல்லாரும் என்னா வேணாலும் சொல்லட்டும். எனக்கு இவ அழுறது கேக்கணும். நாளைக்கு இவ அம்மான்னு கூப்புடுவா. அதுக்கும் நா படுத்துக் கெடக்கணுமா?" என்று கேட்டு, முதல் தடவையாக என் முன்னால் அழுதீர்கள்.

மறுநாளே உங்களை பஸ்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அண்ணன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். வளைவுக்கு வளைவு தலையைப் பிடித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்து வந்தீர்கள். காது டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்து, உள்ளே சுத்தமாக இருக்கிறது என்றார். கண்ணாடி அறை ஒன்றில் உட்கார வைத்து, தலையில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் வெளியே நின்று பார்த்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல விறைப்பாக உட்கார்ந்திருந்தீர்கள். கை எப்போதாவதுதான் எழுந்தது. கீச்சென்ற சத்தங்கள் பரவாயில்லை, கனத்த சத்தங்கள்தான் போய்விட்டன என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார்.

கடையில் துணி விற்றுப் பழகிய என் சிங்களத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, "டாக்டர், சிரிக்காதீங்க. இவங்களுக்குப் படுத்தா கேக்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்களைப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். "பிரசவத்துக்கு முதுகுல ஊசி போட்டாங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. முதுகுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே எல்லாரும் இருந்தோம்!

உங்களைக் கட்டிலில் படுக்க வைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, இரண்டு கால் உள்ள ஓர் இரும்பைத் தட்டிக் காதருகே பிடித்தார். "கேக்குதுங்க" என்றீர்கள். எழுப்பி உட்கார வைத்துக் காத்திருந்து மறுபடியும் தட்டினார். நீங்கள் இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவ்வளவுதான், அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு அவர் பொறுமையாகச் சொன்னதை நான் தமிழில் உங்களுக்குச் சொன்னேன். உங்களைப் படுக்க வைத்துத்தான் சொன்னேன். மூளையும் தண்டுவடமும் ஒரு நீருக்குள் மிதக்கின்றனவாம். மரத்துப்போக ஊசி குத்திய துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். சிலருக்கு மூடாது. அது யாருடைய தவறும் இல்லை. அந்த வழியே நீர் கசியக் கசிய உள்ளே அழுத்தம் குறைந்துவிடுகிறது. நிமிர்ந்தால் மூளை கொஞ்சம் கீழே இறங்குகிறது, தலை வலிக்கிறது. காதுக்குள்ளும் ஒரு நீர் உண்டாம். அது இந்த நீரோடு தொடுப்பு உள்ளது. இங்கே வற்றினால் அங்கேயும் நிலை கெடுகிறது. படுத்தால் எல்லாம் சமமாகிவிடுகிறது.

"படுக்க வச்சிங்களா? தண்ணி நெறயக் குடுத்தீங்களா? டீ, கோப்பி குடிக்கிறாங்களா?" என்று வரிசையாகக் கேட்டார். தேயிலை மலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்காமல், தாகத்தோடு நாள் முழுக்க நிமிர்த்தி உட்கார வைத்திருந்தோம் என்பதை எந்தப் பாஷையில் சொல்வது?

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா எழுந்தார். உள்ளே போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தச் செம்போடுதான் உங்கள் பின்னால் திரிந்தார். நீங்கள் எழுந்திருக்கப் பார்த்தால் "படு புள்ள, படு" என்று அதட்டினார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனுஷிக்குத் தண்ணீர் கொடுக்கத் தெரிந்திருந்தது. சில நாள் அப்படியே கிடந்தீர்கள். தலைவலி கொஞ்சம் தணிந்தது. காது திறக்கவில்லை.

மறுபடி போனபோது டாக்டர் அடுத்த வழியைச் சொன்னார். உங்கள் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து, முதுகில் அந்தத் துளைப் பக்கமாக ஊசியால் செலுத்துவார்களாம். அது உறைந்து ஓட்டையை அடைக்குமாம். பெரும்பாலும் சரியாகும், எல்லாருக்கும் ஆகும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றார். வீட்டில் இடி விழுந்தது. "ஒரு ஊசி காத வாங்கிருச்சு. இன்னொரு ஊசி கால வாங்குனா யாரு பாக்குறது?" என்றார் அம்மா. அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். நீங்கள் படுத்திருந்தீர்கள், அதனால் எல்லாம் கேட்டது. "ஊடு ஒழுகுனா தகரத்ததான அடைக்கணும்? சட்டிய மாத்தி மாத்தி வச்சா சரியா? நா போறேன்" என்றீர்கள். உங்களுக்குப் பயமே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். பிள்ளையை என்னிடம் கொடுத்த பிறகும் அவள் துணியின் நுனியை நீங்கள் விடவில்லை.

எல்லாம் முடிந்து உங்களை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். நேரம் போனபிறகு நர்ஸ் வந்து, மெல்ல எழுப்பி உட்கார வைக்கலாம் என்றார். நீங்கள் மாட்டேன் என்றீர்கள். "இப்ப கேக்குதுல்ல, இப்புடியே கொஞ்ச நேரம் இருந்துக்கிறேன்" என்றீர்கள். எழுந்தால் என்ன தெரிந்துவிடுமோ என்ற பயம். நானும் அண்ணனும் இரண்டு பக்கமும் பிடித்து உட்கார வைத்தோம். கண்ணை இறுக்க மூடிக்கொண்டீர்கள். பிள்ளையை எடுத்துக்கொண்டு உங்கள் முதுகுப் பக்கம் போய் நின்றேன். பசி நேரம், முதலில் சிணுங்கினாள், பிறகு மெல்ல அழத் தொடங்கினாள்.

உங்கள் வலது கை எழுந்தது.

கண்ணைத் திறக்காமல், அந்தக் கண்ணாடி அறையில் செய்ததுபோலவே கையை மட்டும் தூக்கினீர்கள். அவள் நிறுத்தியபோது கை இறங்கியது. அவள் அழுதபோது மறுபடி எழுந்தது. வாய்விட்டு அழுதேன் மதினி. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இடது காதில் ஓர் இரைச்சல் கடைசிவரை தங்கிவிட்டது. போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பீர்கள். மற்றபடி பழைய பாம்புச் செவி திரும்பி வந்தது, அம்மாவும் பழையபடி பீலிக்கரைக்குப் போகத் தொடங்கினார். ஆனால் ஒரு பழக்கம் உங்களை விட்டுப் போகவில்லை. முக்கியமான சேதி எதுவானாலும் நின்றபடி கேட்க மாட்டீர்கள். தர்ஷினியின் பரீட்சை முடிவைச் சொல்ல நான் பதுளையிலிருந்து போன் எடுத்தபோது, "இரு இரு, படுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. உங்கள் அப்பா தவறிய சேதியையும் அப்படித்தான் கேட்டீர்கள். அவளுக்கு வரன் பேச வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, நீங்கள் பாட்டுக்குப் பெஞ்சில் நீட்டிப் படுத்துக்கொண்டு "ம், சொல்லுங்க" என்றதைச் சம்பந்தி வீட்டார் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நீங்கள் போய் வருஷம் திரும்பிவிட்டது. நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டிக் கிடத்தியபோது, முறை செய்ய வந்தவர் மூக்கில் பஞ்சு வைத்துவிட்டுக் காதுக்கு எடுத்தார். மூலையில் சுருண்டு கிடந்த அம்மா, இப்போது கண்ணும் சரியாகத் தெரியாது, எப்படித்தான் அறிந்தாரோ, எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "காதுல வேணாம்ப்பா. அவளுக்குப் பஞ்சு ஆகாது" என்றார். அதுதான் அவர் உங்களிடம் கேட்ட மன்னிப்பு என்று நினைக்கிறேன்.

பாய் கடையை விட்டு நான் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து பல வருஷமாகிறது. மலைக்குப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும்போது ஏதாவது சொல்வார்கள். இந்தப் பக்கம் திரும்பினால்தான் வலிக்கிறது, குனிந்தால்தான் மயக்கம் வருகிறது என்பார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. எப்போது வருகிறது, எப்போது போகிறது, படுத்தால் எப்படி, நின்றால் எப்படி என்று கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இதை அப்படியே அங்கேயும் சொல்லுங்கள் என்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு வந்தது இதுதான். தர்ஷினிக்கும் முதுகில் ஊசிதான் போட்டார்கள். நல்லவேளை, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவள் தலைமாட்டில் ஒரு பெரிய செம்பில் தண்ணீர் இருக்கிறது. அம்மா தடவித் தடவி வந்து அதை நிரப்பி வைக்கிறார்.

நடுவில் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சாயங்காலம் உங்களைப் பார்க்க வந்தேன். சவுக்கு மரத்தடியில் உங்கள் மண்மேட்டில் புல் வளர்ந்துவிட்டது, கொஞ்சம் பிடுங்கிப் போட்டேன். பக்கத்தில் கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் திரும்புகிற பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். உங்கள் வலது காதுப் பக்கமாக முழங்காலிட்டுக் குனிந்தேன்.

"மதினி, பொம்பளப் புள்ள. ஒங்க மூக்கு. அழுதா மூணு லயத்துக்குக் கேக்குது."

மெதுவாகத்தான் சொன்னேன். படுத்துத்தானே இருக்கிறீர்கள்.